சூழல் காப்புரிமைப் பொதுத்தொகுப்பு: ஒரு மதிப்பீடு

சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும் காப்புரிமைகளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த வழிசெய்த கூட்டு முயற்சி, ஈக்கோ-பேட்டன்ட் காமன்ஸ். ஐபிஎம், நோக்கியா, சோனி, பிட்னி போவ்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2008 சனவரியில் இதைத் தொடங்கின. அதே ஆண்டில் வேதித்தொழில் நிறுவனமான டூபான்ட்டும் சேர்ந்தது. மறுசுழற்சிக்கு உதவாத சில நெகிழிகளை உரமாக்கும் முறையை வழங்கியது.

நோக்கம் உயர்ந்தது, பயனோ குறைவு. ஏறத்தாழ 100 காப்புரிமைகளே சேர்ந்தன. பிரான்வின் ஹால், கிறிஸ்டியன் ஹெல்மர்ஸ் ஆகியோரின் ஆய்வு, இதனால் அத்தொழில்நுட்பங்கள் பரவியதற்குத் தெளிவான சான்றைக் காணவில்லை. 2016இல் திட்டம் கைவிடப்பட்டது.

காப்புரிமை ஆவணம் ஏற்கெனவே பொதுவில் உள்ளதுதான். இத்திட்டம் நீக்கியது வழக்கு அச்சத்தை மட்டுமே. வேதித்தொழிலில் அது போதாது. குடுவையில் நடக்கும் வினையைப் பெரிய கலனில் நடத்த, வெப்பத்தை வெளியேற்றும் விதம், வினையூக்கியின் ஆயுள், மூலப்பொருளின் தூய்மை போன்ற பட்டறிவு வேண்டும். அதைக் கற்றுத்தரும் கடமை எவருக்கும் இல்லை. பயன்படுத்துவோர் தெரிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லாததால், பயனை அளக்கவும் இயலவில்லை.

இதற்கு மாறாக, 1987இல் மொன்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானபின், குளோரோபுளோரோகார்பன் உற்பத்தியாளர்கள் மாற்றுப் பொருள்களின் நச்சுத்தன்மையைக் கூட்டாகச் சோதித்தனர். அங்கே செலவும் முடிவுகளும் பகிரப்பட்டன. சட்டம் காலக்கெடு விதித்திருந்தது. கதவைத் திறந்து வைப்பது மட்டும் கூட்டுறவு ஆகாது. உள்ளே வருபவருக்குத் தொழிலைக் கற்றுத்தரவும் வேண்டும்.