ஆற்றில் ஆறு பாலங்கள்

படகு சவாரியை விமரிசனம் செய்ய முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நாவலையும் நாடகத்தையும் செய்கிறோம். சங்கீதக் கச்சேரியைச் செய்கிறோம். ஹோட்டல் சாப்பாட்டைக்கூட விட்டுவைப்பதில்லை. டிக்கட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபின் குறித்த நேரத்தில் ஆரம்பித்துக் குறித்த நேரத்தில் முடிகிற எதையும் விமரிசனம் செய்யலாம் என்பது என் கட்சி. அதிலும் கூடவே ஒருவன் கதை சொல்லிக்கொண்டு வருகிறான் என்றால் செய்துதான் தீரவேண்டும். போர்ட்டோ நகரத்துப் படகு சவாரி அப்படிப்பட்ட ஒரு கதை.

போர்த்துகலின் வடபாகத்தில், டோரோ நதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, செங்குத்தான வடகரையில் ஏறி நிற்கிற பழைய துறைமுகப் பட்டணம் போர்ட்டோ. நாட்டின் பெயருக்கே மூலம் இந்தத் துறைமுகம்தான். எதிர்க்கரையில் வீலா நோவா டி காயா. போர்ட் ஒயின் கிடங்குகள் எல்லாம் அங்கே. திராட்சை விளைவதோ இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே, மலைச்சரிவுகளில். 1756இல் பொம்பால் பிரபுவின் அதிகாரத்தில் அந்தத் திராட்சைப் பிரதேசத்துக்கு எல்லை வகுத்தார்கள். சரக்கு அங்கே, கிடங்கு இங்கே. இரண்டுக்கும் நடுவே மலையைக் குடைந்துகொண்டு பாறையும் சுழலுமாக ஓடுகிற ஒரு முரட்டு ஆறு. அந்த ஆற்றில் பீப்பாய் கொண்டுவர ஏற்பட்ட படகுதான் ரபேலோ. தட்டையான அடி, ஒரே ஒரு சதுரப்பாய், பின்னால் படகின் நீளத்துக்குப் போட்டி போடுகிற மாதிரி ஒரு திசைத்துடுப்பு. அந்தத் துடுப்பைப் பிடிக்கிறவன் பீப்பாய்களுக்கு மேலாக ஆற்றைப் பார்க்கவேண்டும் என்பதற்காக உயரமாக ஒரு மேடை கட்டியிருப்பார்கள். இறங்கும்போது வெள்ளம் இழுக்கும். ஏறும்போது காற்று இல்லாவிட்டால் கரையிலிருந்து மனிதர்களோ மாடுகளோ கயிறு கட்டி இழுக்கவேண்டும்.

இன்று பிரயாணிகளை ஏற்றிக்கொள்கிற படகுகளில் பல அந்த ரபேலோவின் ஜாடையில் கட்டப்பட்டவை. ஜாடைதான். பீப்பாய் இருந்த இடத்தில் பெஞ்சு. துடுப்பு இருந்த இடத்தில் யந்திரம். கிடங்குக்காரர்கள் தங்கள் பெயர் எழுதிய பாயுடன் காயா கரையோரம் கட்டி வைத்திருக்கும் ரபேலோக்களும் உண்டு. அவை நகருவது அபூர்வம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் 24ஆம் தேதி அருளப்பர் திருநாளன்று, பந்தயம் விடுகிறார்கள். மற்ற நாட்களில் அவை விளம்பரப் பலகைகள்.

சவாரிக்குப் பெயர் 'ஆறு பாலங்கள்'. தமிழில் எண்ணுக்கும் நதிக்கும் ஒரே சொல்லாய் வாய்த்ததால் எனக்கு அந்தப் பெயரில் ஒரு தனி சிரத்தை உண்டாயிற்று. சுமார் 50 நிமிஷம். கடல் பக்கம் அராபிடா பாலம் வரைக்கும் ஒரு போக்கு, மேற்கே திரும்பியது போதும் என்று கிழக்கே ஃப்ரெய்ஷோ பாலம் வரைக்கும் ஒரு போக்கு, மறுபடி படித்துறை. நான் போன படகில் பல பாஷைகளில் பதிவு செய்த குரல் ஒன்று பேசிக்கொண்டே வந்தது. இது டோம் லூயீஸ் பாலம், 1886. இது மரியா பியா, 1877, ஈபெல் கம்பெனியார் கட்டிய ரயில் பாலம். இது அராபிடா, 1963, கட்டிய காலத்தில் உலகத்திலேயே பெரிய கான்கிரீட் வளைவு, 270 மீட்டர். பிறகு சான் ஜுவான், 1991, ஃப்ரெய்ஷோ, 1995, இன்ஃபான்ட், 2003. எல்லாம் நிஜம். வருஷத்திலோ அளவிலோ பிசகு கிடையாது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பாலங்கள் அழகாகவே இருக்கின்றன. குறிப்பாக மரியா பியாவின் இரும்பு வளைவு, பின்னல் வேலைக்காரி ஒருத்தி ஊசியை எடுத்துவிட்டுப் போன மாதிரி அத்தனை லேசு. 1991இலிருந்து அதில் ரயில் போவதில்லை.

குறை எங்கே என்றால், கதை சொல்கிறவன் கதாநாயகனை மாற்றிவிட்டான். பாலம் என்பது ஆற்றைக் கடக்கிறவனுடைய சமாசாரம். ஆற்றின் மேல் அவனுக்கு அக்கறை இல்லை. அது குறுக்கே கிடக்கிற ஓர் இடைஞ்சல். ஆற்றின் மனிதர்கள் அதன் நீளத்தில் போனவர்கள். கீழே இறங்கினார்கள், மேலே ஏறினார்கள், நடுவில் சிலர் போயும் போனார்கள். அவர்களைப் பற்றி அந்த 50 நிமிஷத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: முற்காலத்தில் இத்தகைய படகுகளில் ஒயின் கொண்டுவரப்பட்டது. செயப்பாட்டு வினை! யார் கொண்டுவந்தார்கள்? 1887இல் டோரோ ரயில் பாதை ஸ்பெயின் எல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் ரபேலோ மெலிந்துகொண்டே வந்தது, லாரி வந்தது, அணைகள் வந்தன, 1960களோடு கதை முடிந்தது. ஆக, ரபேலோ வேஷம் போட்ட படகில் உட்கார்ந்துகொண்டு, ரபேலோவின் பிழைப்பைப் பறித்த ரயிலுக்குப் போட்ட பாலத்துக்கு நாங்கள் கை தட்டினோம். இந்த வேடிக்கை கதை சொன்ன குரலுக்குத் தெரிந்திருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்ததாகக் காணோம்.

இதே ஆற்றங்கரையை வேறொருவர் 1931இலேயே சொல்லிவிட்டார். மானுவேல் டி ஒலிவெய்ரா போர்ட்டோவில் 1908இல் பிறந்தவர்; ஆலை முதலாளியின் மகன். சினிமாப் பைத்தியம் பிடித்து, ஒரு நண்பரைப் படம்பிடிக்க வைத்துக்கொண்டு, பேச்சில்லாத சிறு படம் ஒன்று எடுத்தார். 'டோரோ, ஆற்றங்கரை உழைப்பு' என்று பெயரைத் தமிழாக்கலாம். ஏறக்குறைய 20 நிமிஷம். அவர் 106 வயது வரை வாழ்ந்து, 2015இல் காலமாகும் வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எனக்குப் பிடித்தது முதல் படம்தான். கலங்கரை விளக்கின் ஒளியோடு திறக்கிறது. பிறகு படித்துறை: கரி இறக்குகிறார்கள், மீன் இறக்குகிறார்கள், பெண்கள் தலையில் கூடையோடு சரிவிலே ஏறுகிறார்கள். அந்தக் கூடையின் கனம் கழுத்தில் தெரிகிறது. டோம் லூயீஸ் பாலம் இந்தப் படத்திலும் வருகிறது. ஆனால் கீழே நிற்கிறவன் தலைக்கு மேல் ஒரு பாரம் மாதிரி வருகிறது. குரல் இல்லை, வருஷம் இல்லை, மீட்டர் இல்லை. பாலத்தை எத்தனை பேர் தலைநிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் கீழே வேலை செய்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

லிஸ்பனில் சர்வதேச விமரிசகர் மகாநாட்டில் அதைத் திரையிட்டபோது உள்ளூர்ப் பிரமுகர்கள் தரையைக் காலால் உதைத்துக் கலாட்டா செய்தார்களாம்; வெளிநாட்டு விமரிசகர்கள் மெச்சினார்களாம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை விருந்தாளிக்குக் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? இன்றைய படகுக் குரலுக்கும் அன்றைய பிரமுகர்களுக்கும் ரசனையில் அதிக தூரம் இல்லை.

படத்தில் குற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். நடுவில் ஒரு லாரிக்காரன் ஆகாச விமானத்தை வாய் பிளந்து பார்க்கிறான். லாரி போய் மாட்டுவண்டியில் இடிக்கிறது. மாடு மிரண்டு மனிதனை மிதிக்கிறது. பழையது, புதியது, இரண்டும் மோதுகின்றன என்று நமக்குப் பாடம். சொல்லிக் கொடுத்து நடிக்கவைத்தது என்று அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்கு முன் கூடை சுமந்த பெண் எந்தப் பாடமும் நடத்தாமல் போனாள். அவள்தான் மனசில் நிற்கிறாள். பெர்லின் நகரத்தைப் பற்றி ரட்மன் 1927இல் எடுத்த படத்தைப் பார்த்த சூடு ஒலிவெய்ராவுக்கு இன்னும் ஆறவில்லை. 22, 23 வயதுக்காரனிடம் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்கவேண்டும். குழந்தை குட்டிகளோடு லீவுக்கு வந்தவனிடம் பாரம் சுமந்தவர்களைப் பற்றியும் செத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டுமா? காற்று வாங்கத்தானே வந்தான்? நியாயம்தான். ஆனால் இந்த ஆற்றில் நாலாயிரம் பேர் என்று சொல்லப்படுகிற ஒரு சாவு இருக்கிறது. 1809 மார்ச் 29ஆம் தேதி. பிரெஞ்சுத் தளபதி சூல்ட்டின் படை ஊருக்குள் புகுந்தது. ஜனங்கள் காயா பக்கம் தப்பிக்க ஓடினார்கள். அப்போது இருந்தது படகுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவைப் பாலம் ஒன்றுதான். கூட்டம் தாங்காமல் அது பிளந்தது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பாலங்களின் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பாலத்தை விட்டுவிட்டு மற்ற ஆறையும் எண்ணினால், அது சுகமான மறதி என்றுகூடச் சொல்லமுடியாது. கதையின் முதல் அத்தியாயத்தைக் கிழித்த புஸ்தகம். அந்தச் சாவுக்குப் பிறகுதானே ஊர் உறுதியான பாலம் கேட்டது? 1843இல் தொங்குபாலம் கட்டினார்கள். அதன் தூண்கள் டோம் லூயீஸுக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கின்றன. அந்தத் தூண்களைத் தாண்டுகையில் குரல் எங்களுக்கு ஒயின் ருசி பார்க்கும் நேரத்தை அறிவித்தது.

நாள் முழுவதும் போகிற நீண்ட சவாரி எவ்வளவோ தேவலை. ஆற்றோடு எதிர்த்து ரெகுவா ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, ரயிலில் திரும்பச் சொல்கிறார்கள். வழியில் இரண்டு அணைகள். இரண்டாவது காரப்படேலோ. அதன் நீர்ப்பூட்டில் படகு நுழைந்ததும் முன்னும் பின்னும் கதவு அடைபடுகிறது. ஈரம் சொட்டும் கிணற்றுக்குள் இருக்கிறோம். பேச்சு தானாக நின்றுவிடுகிறது. தண்ணீர் ஊற ஊறப் படகு 35 மீட்டர் மேலே ஏறுகிறது. குரல் வாயை மூடிக்கொண்ட அந்தக் கால் மணி நேரத்தில்தான் இந்த நதிக்கு எத்தனை வலு இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. அணைகளைத் திட்ட எனக்கு மனம் இல்லை. பழைய சுழல்களும் பாறைகளும் அவற்றின் அடியில் மூழ்கிவிட்டன. படகோட்டியின் மனைவி யாரும் இப்போது இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் மேலே போகிற பெரிய கப்பல்களில், வலெய்ரா குடைவில், ஃபாரஸ்டர் பிரபுவின் கதையைச் சொல்வார்கள். இந்த நதிக்கு அருமையான படம் வரைந்த ஆங்கில வியாபாரி. 1861இல் அதே நதியில் படகு கவிழ்ந்து முழுகினார். இடுப்பில் கட்டிய காசுப்பையின் கனம் இழுத்துவிட்டது என்றும், கூடப் போன டோனா அன்டோனியா அம்மாளை அவளுடைய குடைப்பாவாடை மிதக்க வைத்தது என்றும் கதை. பணமும் பாவாடையும்! எந்தக் கதாசிரியனுக்கும் நாக்கில் ஜலம் ஊறும். அதனாலேயே இந்தக் கதை பிழைத்தது. ஆனால் பிரபுவுக்கு முந்தியும் பிந்தியும் அந்தக் குடைவில் போன துடுப்புக்காரர்களுக்குப் பாவாடை வாய்க்கவில்லை.

சமீப காலத்துச் சாவும் ஒன்று உண்டு. 2001 மார்ச் 4ஆம் தேதி இரவு, போர்ட்டோவுக்கு மேலே என்ட்ரே-ஓஸ்-ரியோஸ் என்ற இடத்தில், ஹின்ட்சே ரிபெய்ரோ பாலத்தின் தூண் சரிந்து, ஒரு பஸ்ஸும் கார்களும் வெள்ளத்தில் விழுந்தன. 59 பேர் போனார்கள். வருஷக்கணக்காக ஆற்றில் மணல் அள்ளியதும் அந்தத் தூணின் அடி அரிப்புக்கு ஒரு காரணம் என்றார்கள். ரெகுவா போகிற படகு அந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நாங்கள் தாண்டியபோது சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு எடுத்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ஒலிவெய்ராவின் 20 நிமிஷத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு 50 நிமிஷ சவாரிக்கு டிக்கட் வாங்குங்கள். குரல் கேட்கும் கருவியைக் காதில் மாட்டாதீர்கள். இறங்கியதும் ரிபெய்ரா படித்துறையில், டோம் லூயீஸ் பாலத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் பதித்த வெண்கலத் தகடு ஒன்று இருக்கிறது. மிதவைப் பாலத்திலிருந்து ஜனங்கள் தண்ணீரில் விழுகிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். புகை படிந்து கறுத்திருக்கும். நான் போன சாயங்காலம் அதற்கு முன்னால் 3 மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று அப்போதுதான் ஏற்றியது.