களிமண் மலையும் கண்மாய் வரத்தும்

தொடக்கப் பள்ளியில் நீர் மாசைக் கற்பிக்க ஆசிரியர்கள் பலரும் நாடும் செயல்பாடு ஒன்று உண்டு. தட்டில் ஒரு களிமண் மலை. சரிவில் வீடும் வயலும். அடிவாரத்தில் குளமாக ஒரு கிண்ணம். வயலில் காப்பித்தூளும் வீட்டு வாசலில் சாயப்பொடியும் தூவி, தெளிப்பானால் மழை பெய்வித்தால் கிண்ணத்து நீர் கலங்கி நிறம் மாறும். மேலூர் வட்டாரத்துத் திருவாதவூர் போன்ற கண்மாய்ப் பாசன ஊரில் இந்தப் பாடம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

அதன் பலம் சாதாரணமானதல்ல. குளத்தில் யாரும் எதையும் கொட்டவில்லை. ஆனாலும் குளம் கெட்டது. மேட்டில் நடப்பது பள்ளத்தில் வந்து சேரும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் பதாகை பிடித்து நடக்கும் ஊர்வலம் இதைச் செய்யாது.

முதல் பிசகு நிறத்தில் இருக்கிறது. சாயம் கலந்தால்தான் மாசு என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. உரத்திலிருந்து கசியும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை. வயிற்றுப்போக்கைத் தரும் கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலைச்சரிவில் ஒரு பிடி உப்பையும் தூவி, தெளிந்து நிற்கும் நீரில் அது இருக்கிறதா என்று கேட்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது பிசகு நிலத்தில். தட்டில் ஒரு மலை, ஒரு சரிவு, ஒரு குளம். மேலூர்ப் பக்கத்து நீரோ அப்படி வருவதில்லை. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திரும்பி, பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் இந்த வட்டாரத்தை எட்டுகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. களிமண் மலையில் ஓர் உறிஞ்சுகுழலைச் செருகிச் சுரங்கமாக்கி, கிண்ணங்கள் மூன்றைப் படிப்படியாக வைத்தால் தட்டு நம் ஊர்த் தட்டாகிவிடும். முதல் கிண்ணத்தில் விழுந்த சாயம் மூன்றாவதில் வெளிறித் தெரியும்போது, கடைமடைக்காரரின் பாடும் பாடத்துக்குள் வந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிய பிசகு. செயல்பாட்டின் முடிவில் ‘குப்பை போடாதே’ என்ற அறிவுரை வந்து நிற்கிறது. ஊர்ச் சாக்கடை வரத்துக்காலில் கலப்பதற்கும் ஆக்கிரமிப்பால் கால்வாய் சுருங்குவதற்கும் நான்காம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? பத்து வயதுக்கு முன் பேரழிவுகளைத் தலையில் ஏற்றாமல் இயற்கையோடு பழக விடுங்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் வாதிட்டது இங்கே பொருந்தும். அறிவுரைக்குப் பதில் ஒரு கதை சொல்லலாம். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர்ப் பிள்ளைகளுக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை புதிதல்ல. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது என்பதே அதன் அடிப்படை. நீர்நிலையைக் காப்பது ஊர்ப் பொதுவேலை என்று சொல்ல இதைவிட நெருக்கமான கதை வேறு கிடைக்காது.

தட்டை விட்டுவிட்டு நேரே கண்மாய்க்கே போகலாமே என்பவர்களும் உண்டு. அதிலும் சிக்கல் இருக்கிறது. கரம்பை அள்ளிய குழிகளில் நீர் நிற்கும்போது பிள்ளைகளை இறக்குவது ஆபத்து. ஓர் ஆசிரியர் நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ள முடியாது. மேலூர் ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டியே திறக்கப்படுகிறது. அதற்கு முன், ஜூன், ஜூலையில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது, பெற்றோர் சிலரும் மடை திறக்கும் நீர்க்கட்டியும் துணைக்கு வந்தால், வரத்துக்கால் நெடுக நடந்து பார்த்துவிடலாம். எங்கே சாக்கடை சேர்கிறது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

ஆகவே தட்டைக் கைவிட வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் கரையில் நடை, பிறகு வகுப்பில் தட்டு. பாடம் பலித்ததா என்று அறியக் கேள்வித்தாளும் தேவையில்லை. நம் கண்மாய்க்கு நீர் எந்த வழியாக வருகிறது, கலுங்கில் பாய்ந்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் பாடம் நடந்திருக்கிறது. ‘குப்பை போடக் கூடாது சார்’ என்று மட்டும் வந்தால், நடந்தது களிமண் விளையாட்டுதான்.