கல்லைக் கண்ட கண்: சார்லஸ் லயலின் குறிப்பேடுகள்

நிலநூல் பயிலத் தொடங்கும் மாணவர்க்குச் சார்லஸ் லயல் என்னும் பெயர் ஒரே வரியில் அறிமுகமாகிவிடுகிறது. இன்று நிலத்தின்மீது நிகழும் செயல்களைக் கொண்டே பண்டு நிகழ்ந்தவற்றையும் விளக்க வேண்டும் என்று சொன்னவர் அவர் என்பதே அவ்வரி. பாட நூல்கள் பெரும்பாலும் அதற்குமேல் போவதில்லை. ஆசிரியரும் அதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறார். அவ்வரி பொய்யன்று. ஆயினும், அதனைச் சொன்னவர் ஐயம் என்பதையே அறியாதவர் என்னும் எண்ணத்தை அது விளைவித்துவிடுகிறது. லயல் விட்டுச் சென்ற 294 குறிப்பேடுகளோ வேறொருவரை நமக்குக் காட்டுகின்றன.

இவ்வேடுகள் நெடுங்காலம் அவருடைய குடும்பத்தாரிடமே இருந்தன. 2019ஆம் ஆண்டில் அவை விலைக்கு வந்தபோது, நாட்டை விட்டு வெளியே போய்விடாதபடி பிரிட்டிஷ் அரசாங்கம் சில காலத்துக்குத் தடை விதித்தது. எடின்பரோ பல்கலைக்கழகம் பொதுமக்களிடம் நிதி திரட்டிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தமக்கு இயன்றதைக் கொடுத்தனர். 9,66,000 பவுன் விலைக்கு ஏடுகள் அவ்வாண்டே பல்கலைக்கழகத்துக்கு உரியவாயின. பழந்தாளுக்கு இத்துணைப் பணமா என்று கேட்டவரும் இருந்திருக்கலாம். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றோடு விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த தமிழாசிரியர்க்கு அக்கேள்விக்கு விடை கூற வேண்டியதில்லை.

லயல் 1797 நவம்பர் 14இல் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் வட்டாரத்தில் கின்னோர்டி என்னும் மாளிகையில் பிறந்தார். நிலநூலுக்கு அவருக்குமுன் வழி வகுத்த ஜேம்ஸ் ஹட்டன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஆக்ஸ்பர்டில் படிக்கும்போது பக்லந்து என்பாரின் சொற்பொழிவுகளைக் கேட்டு நிலநூலில் ஈடுபட்டார். பின்னர் லண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கண் நோய் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. சட்டத் தொழிலை விட்டதற்கும் அது ஒரு காரணம். ஆனால் சட்டம் அவரை விட்டுவிடவில்லை. 1830 முதல் 1833 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது ‘நிலநூல் தத்துவங்கள்’ முதலிலிருந்து முடிவு வரை ஒரு வழக்குரையே ஆகும்.

அவ்வழக்கின் முதற்சாட்சியை நூலின் முகப்புப் படமாகவே அவர் வைத்தார். இத்தாலியில் நேப்பிள்சுக்கு அருகே பொட்சுவோலி என்னும் கடற்கரை ஊரில் ரோமானியர் காலத்துக் கட்டடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. செராபிஸ் தெய்வத்தின் கோயில் என்று அன்று அதனைச் சொன்னார்கள். உண்மையில் அது ஒரு சந்தைக் கட்டடம். அங்கே மூன்று சலவைக்கல் தூண்கள் மட்டும் விழாமல் நிற்கின்றன. அடியிலிருந்து ஏறத்தாழ 12 அடி உயரம்வரை தூண்கள் வழவழப்பாகவே உள்ளன. அதற்குமேல் ஒரு பட்டையளவு, கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் நிறைந்துள்ளன. சிப்பி மரம் ஏறுமா? கட்டடம் எழுந்த பிறகு நிலம் கடலுக்குள் தாழ்ந்திருக்க வேண்டும். அடிப்பகுதி மண்ணும் சாம்பலும் மூடிக் காப்புற்றிருக்க, மேற்பகுதியைச் சிப்பிகள் குடைந்திருக்க வேண்டும். பின்னர் நிலம் மீண்டும் மேலெழுந்திருக்க வேண்டும். இத்தனையும் மனித வரலாற்றுக் காலத்துக்குள்ளேயே, தூண்கள் சாயாத அளவுக்கு மெதுவாக நடந்தன. உலகைப் புரட்டும் ஊழிப் பெருவெள்ளம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. அந்நிலம் இன்றும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1982 முதல் 1984 வரை மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு அது மேலெழுந்தது.

1828இல் எட்னா எரிமலையைக் கண்டபோது அவர் பெற்ற தெளிவு இதனினும் பெரிது. எத்தனையோ முறை நெருப்பைக் கக்கி, அடுக்கடுக்காகக் குழம்பு உறைந்து உயர்ந்த மலை அது. மனிதக் கணக்கில் அதன் வயது எண்ணிப் பார்க்க இயலாதது. அதன் அடித்தளமாக உள்ள படிவங்களில் கிடைத்த சிப்பிகளோ பெரும்பாலும் இன்றும் மத்தியதரைக் கடலில் வாழும் இனங்களே. மனிதனுக்குப் பழமையான மலை நிலத்துக்கு நேற்றுப் பிறந்த குழந்தை! இதனைச் சிசிலியில் தாமே நடந்து, ஏறி, சிப்பிகளைப் பொறுக்கி அவர் கண்டறிந்தார்.

வழக்கறிஞரின் குறையும் அந்நூலில் உண்டு. எதிர்க்கட்சியாரை அவர் நேர்மையாக நடத்தினார் என்று சொல்வதற்கில்லை. முதல் தொகுதியின் வரலாற்றுப் பகுதியில், திடீர்ப் பேரழிவுகளை நம்பியவர் எல்லாரும் சமய நூலுக்கு அடிமைப்பட்டு ஆராய்ச்சியைக் கைவிட்டவர்போலத் தோன்றுகின்றனர். அவர்களிலும் கல்லைக் கூர்ந்து பார்த்தவர் பலர். விண்கல் மோதியதால் பல உயிரினங்கள் ஒருங்கே அழிந்தன என்னும் கருத்து 1980இல் சான்றோடு முன்வைக்கப்பட்டபின், லயலின் வெற்றி முழு வெற்றியன்று என்பதும் விளங்கிவிட்டது.

இனிக் குறிப்பேடுகளுக்கு வருவோம். சட்டைப் பைக்குள் அடங்கும் சிற்றேடுகள் பல. பாறை அடுக்குகளின் கோட்டுப் படங்கள், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல், எழுதவிருக்கும் கடிதத்தின் முதற்படி எல்லாம் அவற்றில் அடுத்தடுத்து வருகின்றன. ஏடு முடிந்ததும் தம் கைப்படவே பொருளடைவு எழுதி வைப்பது அவர் வழக்கம். தம் எண்ணங்களைத் தாமே பின்னொரு நாள் தேடி வருவோம் என்று அறிந்திருந்தவரின் பழக்கம் இது.

அவருடைய பணியில் அவர் கை மட்டும் இருக்கவில்லை. 1832இல் அவர் மணந்த மேரி ஹார்னர் சிப்பிகளை ஆய்வதில் தேர்ந்தவர். பயணங்களில் உடன் சென்றார். கணவரின் கண்கள் தளர்ந்தபோது படித்தும் எழுதியும் உதவினார். 1864 முதல் அரபெல்லா பக்லி என்னும் பெண்மணி செயலாளராய் இருந்தார். இவர் பின்னாளில் சிறுவர்க்கு அறிவியல் நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார். நூல்களின் முகப்பில் இவர்களின் பெயர் இல்லை.

ஏடுகளுள் தலையாயவை என்று கருதத்தக்கவை 1855 நவம்பரில் தொடங்கியவை. அவற்றின் தோற்றுவாய் நம் அண்டையில் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரியில், சரவாக்கில் மழைக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய உறவுடைய மற்றோர் இனத்தோடு இடத்தாலும் காலத்தாலும் ஒட்டியே தோன்றியுள்ளது என்று ஒரு கட்டுரை எழுதினார். செப்டம்பரில் அது லண்டனில் அச்சேறியது. பெயர் பெறாத ஒரு சேகரிப்பாளரின் கட்டுரைதானே என்று பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. லயல் பொருட்படுத்தினார். நவம்பரில் அதனைப் படித்து, உயிரினங்களின் தோற்றம் பற்றித் தனியே ஓர் ஏடு திறந்தார். அது ஏழு ஏடுகளாக 1861 வரை வளர்ந்தது. 1970இல் லெனர்டு வில்சன் அவற்றைப் பதிப்பித்தார்.

இதன் அருமையை உணர, 1832இல் வந்த இரண்டாம் தொகுதியை நினைவுகூர வேண்டும். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறித் தோன்றின என்ற லமார்க்கின் கொள்கையை லயல் அதில் விரிவாக எடுத்துரைத்து மறுத்தார். எடுத்துரைத்தது மிகத் தெளிவாக அமைந்துவிட்டதால், அதனைப் படித்த ஹெர்பர்ட் ஸ்பென்சர் மறுப்பை விட்டுவிட்டுக் கொள்கையைப் பற்றிக்கொண்டார்! மலையும் கடலும் மெல்ல மெல்ல மாறும் என்றவர், உயிர் மட்டும் மாறாது என்றார். ஏன்? மாறும் என்று ஒப்பினால் மனிதனும் அந்த வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஏழு ஏடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் வேதனை இதுவே. மனிதனின் உயர்வு என்னாகும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். ஒரு பக்கத்தில் ஒப்புகிறார், மறு பக்கத்தில் பின்வாங்குகிறார்.

ஆனால் இத்தயக்கத்தைக் காரணமாக்கி அவர் பிறரைத் தடுக்கவில்லை. 1856 ஏப்ரலில் டார்வினின் இல்லத்துக்குச் சென்று, இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை அவர் வாயாலேயே கேட்டார். தமக்கு உடன்பாடில்லாத அக்கொள்கையை, மற்றொருவர் முந்திக்கொள்ளுமுன் வெளியிடுமாறு வற்புறுத்தினார். 1858 ஜூலை 1இல் டார்வின், வாலஸ் இருவர் எழுத்தும் லினேயன் சங்கத்தில் ஒருங்கே படிக்கப்பட ஏற்பாடு செய்தவர்களும் லயலும் ஹூக்கருமே. தம் கொள்கைக்கு எதிரானது வெளிச்சத்துக்கு வர உழைத்தவர் அறிஞர் உலகில் எத்தனை பேர்? அதே வேளையில், கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த வாலஸை ஒரு சொல்லும் கேளாமல் அவ்வேற்பாடு நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1863இல் ‘மனிதனின் தொன்மை’ வந்தது. அழிந்துபோன விலங்குகளோடு மனிதன் வாழ்ந்தான் என்பதைச் சான்றுகளால் அந்நூல் நிறுவிற்று. அவ்வாண்டு மே 30இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தது தமிழர் அறிந்த செய்தி. தென்னிந்தியாவிலும் மனிதன் மிகத் தொன்மையானவன் என்பதற்கு அது கிடைத்த முதற்சான்று. லயலின் நூலால் மகிழாதவரும் இருந்தனர். இந்தியாவில் சிவாலிக் மலைப் புதைபடிவங்களை ஆராய்ந்த பால்க்கனர், தம் உழைப்புக்கும் தம் நண்பர் உழைப்புக்கும் உரிய மதிப்பை லயல் தரவில்லை என்று பத்திரிகையிலேயே குறை கூறினார். அவர் முறையீடு நியாயமற்றதன்று. டார்வினின் வருத்தம் வேறு. தம்மைத் தனிமையில் ஊக்கிய நண்பர் அச்சில் மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டார் என்று அவர் நொந்தார். அவர் அறிந்ததைவிட அதிகமாகவே லயல் தமக்குள் போராடினார் என்பதைக் குறிப்பேடுகள் சொல்கின்றன.

மனிதனைப் பார்க்கும்போது அவர் கண் தடுமாறிய இடம் மற்றொன்றும் உண்டு. 1841இல் தொடங்கி அவர் அமெரிக்காவுக்குப் பன்முறை சென்றார். 1845இல் வந்த முதற் பயண நூலில் அடிமை முறையைப் பற்றி அவர் மென்மையாக எழுதியதைக் கண்டு டார்வின் மனம் கொதித்துக் கடிதம் வரைந்தார். அதே ஆண்டில் வெளிவந்த தம் கடற்பயண நூலின் இரண்டாம் பதிப்பை லயலுக்கே காணிக்கையாக்கிய டார்வின், அதன் இறுதியில் அடிமைக் கொடுமையைக் கடுமையாகச் சாடினார். அதன் பின்பும் லயல் ஜார்ஜியா மாநிலத்தில் ஹோப்டன் என்னும் பெருந்தோட்டத்தில் முதலாளியின் விருந்தினராகத் தங்கினார். ஏறத்தாழ 500 அடிமைகள் உழைத்த தோட்டம் அது. 1849இல் வந்த நூலில் அவர்கள் நன்கு பேணப்பட்டு மனநிறைவோடு வாழ்வதாகவே எழுதினார். அடிமை முறை நல்லது என்று அவர் வாதாடவில்லை. அவசரப்படாமல், படிப்படியாக நீங்கட்டும் என்பதே அவர் எண்ணம். நிலத்துக்குக் கண்ட விதியை மனிதருக்கும் பொருத்திவிட்டார் போலும். துரை வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து காண்பவர்க்கு லயத்தின் உட்புறம் தெரியாது என்பதைத் தோட்டப்புறத்தார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிசிலியில் சிப்பிகளைத் தாமே குனிந்து பொறுக்கியவர், ஹோப்டனில் விருந்தளித்தவர் காட்டியதைப் பெரிதும் நம்பிவிட்டார்.

லயல் 1875 பிப்ரவரி 22இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மேரியின் தங்கையும் லயலின் தம்பி மனைவியுமான கேதரின், 1881இல் அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நெடுங்காலம் லயலைப் பற்றி எழுதியோர்க்கு அதுவே முதலாயிற்று. குடும்பத்தார் அன்போடு தொகுத்த நூலில் தடுமாற்றங்கள் குறைந்து தோன்றுவது இயல்பே. கேதரினைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதையே முழு வரலாறாகக் கொண்டது பின்வந்தோர் பிழை.

1867, 1868 ஆண்டுகளில் வந்த ‘தத்துவங்கள்’ பத்தாம் பதிப்பில், முப்பத்தைந்து ஆண்டுகள் காத்த நிலையை விட்டு, உயிரினங்கள் மாறி வந்தன என்பதை லயல் அச்சிலேயே ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபது. முதற் பதிப்பின் இரண்டாம் தொகுதியை ஒருபுறமும் பத்தாம் பதிப்பை மறுபுறமும் வைத்துப் படிப்பவர்க்கு, ஒரே மனிதர் இரண்டையும் எழுதினாரா என்ற திகைப்பு உண்டாகும். இடையில் வைத்துப் படிக்க வேண்டியவை, சரவாக்கிலிருந்து சென்ற கட்டுரையோடு தொடங்கும் அந்த ஏழு ஏடுகள்.