மாமாவின் வள்ளமும் மருமகனின் விடுமுறையும்

நல்லூர்த் திருவிழாவும் மேற்கு நாடுகளின் பள்ளி விடுமுறையும் ஒரே பருவத்தில் வருகின்றன. அந்த வாரங்களில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் யாழ்ப்பாணம் வரும் பிள்ளைகளுக்கு நயினாதீவும் கீரிமலையும் காட்டப்படுகின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மண்டைதீவு போன்ற கரைகளில் சொந்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும்: மாமாவின் வள்ளத்தில் பரவைக்கடலுக்குப் போய்த் தூண்டில் போடும் ஒரு காலைப்பொழுது. அன்பின் பெயரால் நடப்பதாலேயே இந்த வழக்கத்தை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

முதலில் அதன் நிறைகள். ஏறத்தாழ 450 சதுர கிலோமீற்றர் பரந்த இந்தக் கடலின் பெரும்பகுதி இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தைத் தாண்டாது. இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தே தொழில் செய்யும் இடங்கள் பல. ஆழ்கடலுக்குப் பழகாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இல்லை. சாதாழை அடர்ந்த இடத்தில் ஓரா மேயும், அதன் முள் குத்தினால் கடுக்கும், பேத்தை நஞ்சு, கெளிறைக் கையால் பிடிக்கக் கூடாது, களங்கண்டி வலை நட்ட இடத்தை விலகிப் போகவேண்டும் என்பதெல்லாம் ஒரு காலைக்குள் கண்ணால் கண்டு கற்கக்கூடியவை. கைத்தூண்டில் ஒரு முறைக்கு ஒரு மீனையே எடுக்கிறது. குஞ்சு குருமானையும் வாரிக்கொண்டு வரும் நுண்கண் வலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

இந்தக் கல்விக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. போர்க்காலத்தில் கடலுக்குப் போக 'பாஸ்' என்ற அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. எவ்வளவு தூரம், எந்த நேரம் என்பதைக் கடற்படை தீர்மானித்தது. 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியவர்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். தகப்பனோடு கடலுக்குப் போய்த் தொழில் பழகவேண்டிய ஒரு தலைமுறை முகாமிலும் வெளிநாட்டிலும் வளர்ந்தது. மாமாவின் வள்ளம் அந்த இடைவெளியில் சிறு பகுதியையாவது நிரப்புகிறது.

வருமானக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் பல சைவ வீடுகளில் மச்சம் காய்ச்சுவதில்லை. மீன் வாங்குவோர் குறைகிறார்கள். பாக்கு நீரிணையிலோ இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப்போகும் அச்சம். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்த பிறகும் அந்த அச்சம் தீரவில்லை. அப்படிப்பட்ட நாளில் விருந்தாளியை ஏற்றிப்போய் நாலு காசு பார்ப்பது கெட்ட யோசனை அல்ல.

ஆனால் அந்தக் காசு எங்கே வருகிறது? உறவில் கூலி பேச முடியாது. மண்ணெண்ணெயை மாமாதான் ஊற்றுகிறார். 2022 ஓகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியபோது, தொழிலுக்குப் போகாமல் வள்ளத்தைக் கரையேற்றியவர்கள் உண்டு. மருமகன் கொண்டுவந்த சொக்லேட்டும் புறப்படும்போது கையில் திணிக்கும் நோட்டும் கூலியா அன்பளிப்பா என்பது இருவருக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது.

இதைவிடப் பெரிய குறை, 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பறிபோவது. கடலில் வழிகாட்டுபவரின் முதல் அதிகாரம் அதுதான். விடுமுறை மாதங்கள் சோளகம் வீசும் மாதங்கள். காற்று பலத்தால் ஆழம் குறைந்த நீரில் அலை நெருங்கி நெருங்கிச் செங்குத்தாக எழும். சிறு வள்ளத்தை அதுதான் புரட்டும். மாமாவுக்கு இது தெரியும். ஆனாலும் மூன்று கிழமையில் திரும்பப் போகும் பிள்ளை "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவம் மாமா" என்றால், "காத்து மாறுது தம்பி" என்று முனகுவாரே தவிர மறுக்கமாட்டார். உயிர்காப்பு அங்கி இருந்தாலும் அது வள்ளத்தின் அடியில் கிடக்கும். அதைக் கேட்டுப் போடுவது மாமாவின் கைத்திறனையே சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

பிடிப்பிலும் இதே தளர்வு. ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயதுக்கு உட்பட்டவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. எந்த மீனை எத்தனை வைத்திருக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அங்கே அதை ஒழுங்காகப் பின்பற்றுபவர் இங்கே சினை நண்டையும் விரல் நீள ஓராவையும் வாளியில் போட்டுப் படம் எடுக்கிறார். பிடித்ததையெல்லாம் திருப்பி விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒடியல் கூழுக்குப் பிடிப்பது நேர்மையான தேவை. சின்னதையும் சினையையும் விட்டுவிட்டுப் பிடிக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

அப்படியானால் விடுதிகள் ஏற்பாடு செய்யும் கட்டணப் பயணங்களே மேலா? விலை, நேரம், அங்கி ஆகியவை அங்கே முன்கூட்டியே பேசப்படும். ஆனால் காசின் பெரும்பங்கு தரகருக்குப் போய்விடலாம். களங்கண்டி நட்டவரோடு பயணிக்கு எந்த உறவும் இராது. கடல் வெறும் காட்சியாகிவிடும். உறவு தரும் பொறுப்பை அந்த முறையால் தரமுடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி ஏற்கெனவே கரையில் நிற்கிறது. ஊருக்கு ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. விருந்தாளியை ஏற்றும் வள்ளத்துக்கு ஒரு கட்டணம், போடாமல் ஏறக்கூடாத அங்கி, போகக்கூடாத காற்று, எடுக்கக்கூடாத மீன் ஆகிய நான்கையும் சங்கம் எழுதி ஒட்டினால் போதும். பதிவேடும் பணிச்சுமையும் கூடும், சில குடும்பங்கள் முறைப்பாடு சொல்லும் என்பது உண்மை. ஆனால் மாமா தன் வாயால் மறுக்கவேண்டியதில்லை. சங்கம் விடாது என்று சொல்லிவிடலாம். உறவு கெடாமல் மறுக்க ஒரு வழி கிடைத்தால், இந்த வழக்கத்தின் பாதிக் குறை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, வெளிநாட்டிலிருந்து வருபவர் கட்டணத்தை அன்பளிப்பாக அல்லாமல் கட்டணமாகவே நீட்டுவதில் இருக்கிறது.