யாத்திரிகம் காட்டும் தன்னறிவு

பீருமேட்டிலும் தேவிகுளத்திலும் சித்தூரிலும் வாழும் தமிழர் நெஞ்சில் ‘நாம் யார்?’ என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவோடு நாம் அணுகத்தக்க காப்பியம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). ஜான் பன்யன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவிய இந்நூலில், பிறந்த ஊரைத் துறந்து நடப்பவன் தன் ஆற்றலால் அன்று, தன்னை நடத்தும் இறைவனின் திருவுளத்தை நம்பியதாலேயே தன்னை அறிகிறான். வைணவராய்ப் பிறந்து 1858ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற கவிஞர், கிருஷ்ணன் என்னும் பெயரையும் கம்பனிடம் கற்ற விருத்த நடையையும் விட்டாரல்லர். வருணனைப் பெருக்கால் கதையோட்டம் சிற்சில இடங்களில் தளர்வது குறையே. எனினும், ஆண்டவனுக்கு ஆட்பட்டவன் தாய்மொழியை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்நூலே சான்று. மலையாள மண்ணில் வாழும் நமக்கு இது நல்ல வழித்துணை அன்றோ!