புதுக்கடையிலிருந்து வந்த சத்தியாகிரகம்

ஆண்டுதோறும் நினைவு நாளான ஏப்ரல் 26 நெருங்கும்போது, தமிழரசுக் கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தை ‘ஈழத்துக் காந்தி’ என்று போற்றும் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் வந்துவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரே வாதம்தான்: தந்தை செல்வாவின் வழியில் பிழை எதுவும் இல்லை, ஒப்பமிட்ட பிரதமர்கள் வாக்குத் தவறினார்கள், அதனால்தான் அகிம்சை தோற்றது. வாக்குத் தவறியது உண்மை. வழியில் பிழையில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த வாதம் செல்வநாயகத்தைப் பரிசோதனைக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கிறது. காந்தியின் பெயரைச் சூட்டிய பின் காந்தியின் அளவுகோலைக் கொண்டுவராமல் இருப்பது, புகழப்படுபவருக்கே செய்யும் அநீதி.

அவருடைய பெருமைகளில் எனக்கு ஐயமில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது, யாழ்ப்பாணத்து வாக்காளரிடம் ஒரு வாக்கைக்கூடப் பெற்றுத் தராத அந்தப் பிரச்சினைக்காக அவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பர் 18இல் மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதற்கு விலையாக 1952இல் காங்கேசன்துறைத் தொகுதியையே இழந்தார். 1956 ஜூன் 5இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அமர்ந்தவர்களைக் குண்டர்கள் அடித்தபோது தொண்டர்கள் திருப்பி அடிக்கவில்லை. 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய மறியல் வடக்கு கிழக்கு மாவட்டங்களுக்கெல்லாம் பரவி, ஏறத்தாழ இரண்டு மாதம் அரச நிர்வாகத்தை முடக்கிற்று. ஏப்ரலில் தமிழரசுத் தபால் சேவையையும் தொடங்கிச் சட்டத்தை வெளிப்படையாகவே மீறினார்கள். அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்துதான் அதைக் கலைக்க முடிந்தது. அவருடைய நேர்மையை எதிரிகளும் மறுத்ததில்லை.

ஆனால் அந்தச் சத்தியாகிரகங்கள் எதற்காகத் தொடங்கின, எப்போது நின்றன என்று பார்த்தால் கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் பழகிய ஒரு மனப்போக்கு தெரிகிறது. செல்வநாயகம் சிவில் வழக்குகளில் பேர்பெற்ற அப்புக்காத்து. 1947இல் கிங்ஸ் கவுன்சில் ஆனவர். 1956 ஓகஸ்டில் கட்சியின் திருகோணமலை மாநாடு தன் கோரிக்கைகளை ஏற்க அரசுக்கு ஓராண்டுக் கெடு விதித்தது. கெடு முடியுமுன், 1957 ஜூலை 26இல், பிரதமர் பண்டாரநாயக்கவுடன் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. அறிவித்திருந்த போராட்டம் கைவிடப்பட்டது. கோரிக்கைக் கடிதம், தவணை, சமரசம், வழக்கு வாபஸ் என்ற ஒழுங்கு இது. வழக்கில் கட்சிக்காரர் செய்யவேண்டியது அதிகமில்லை. அப்புக்காத்தை நம்பிக் காத்திருப்பதுதான். ஒப்பந்தம் கைச்சாத்தானதும் தமிழ் மக்கள் அந்தக் கட்சிக்காரர் நிலைக்குத்தான் தள்ளப்பட்டார்கள். அந்த ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார், 1958 ஏப்ரல் 9இல் ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முன்றிலில் பிக்குகள் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. தெருவின் பலத்தை எதிர்த்தரப்பு விளங்கிக்கொண்டிருந்த காலத்தில், நம் தரப்பு பேச்சுவார்த்தை மேசையின் பலத்தை நம்பிக்கொண்டிருந்தது. டட்லி சேனநாயக்கவுடன் செய்த 1965 மார்ச் 24இன் டட்லி–செல்வா ஒப்பந்தத்திலும் இதே ஒழுங்குதான். அப்போது முன்னால் ஒரு போராட்டம்கூட இல்லை, பாராளுமன்றக் கணக்கு மட்டுமே இருந்தது. 1961க்குப் பிறகு அந்த அளவில் ஒரு சத்தியாகிரகத்தை அவர் தலைமையில் தமிழர் காணவே இல்லை.

காந்தியும் 1931இல் இர்வினோடு ஒப்பந்தம் செய்து போராட்டத்தை நிறுத்தினாரே என்று கேட்கலாம். நிறுத்தினார், ஆனால் நிறுத்திய நாளிலும் அவருடைய ஆட்களுக்குக் கதர் இருந்தது, கிராமப் பள்ளி இருந்தது, தீண்டாமைக்கு எதிரான வேலை இருந்தது. அரசு பேசினாலும் பேசாவிட்டாலும் நடக்கவேண்டிய வேலை அது. அடுத்த ஆண்டே மறியலுக்குத் திரும்ப முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தமிழரசுக் கட்சியிடம் அப்படியொரு அன்றாட வேலை இருக்கவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: காந்தி ஒரு பெரும்பான்மையைத் திரட்டிச் சிறு அந்நியக் கூட்டத்தை எதிர்த்தார், செல்வநாயகமோ சிறுபான்மையொன்றின் தலைவர், எதிரே நின்றது வாக்குப்பலம் கொண்ட பெரும்பான்மை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்குக்காவது மாநில அரசுகளுக்கு மேலே ஒரு மத்திய அரசு இருந்தது; இங்கே முறையிட மேலே யாருமில்லை. இதை முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டால் என் கேள்வி கூர்மையாகிறதே தவிர மழுங்கவில்லை. கொழும்பின் மனத்தை மாற்றுவது நம் கையில் இல்லையென்றால், நம் கையில் இருந்தது எது?

நம் கையில் மாவிட்டபுரம் இருந்தது. 1968 ஜூலையில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமை கேட்டு வாசலில் அமர்ந்தார்கள். சி. சுந்தரலிங்கம், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், வழிமறித்து நின்றார். கோயில் இருப்பது காங்கேசன்துறைத் தொகுதியில், செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியில். 1961இல் கச்சேரி வாசலில் எதைச் செய்தால் சத்தியாகிரகமோ, அதையே இந்த மக்கள் கோயில் வாசலில் செய்தார்கள். ஈழத்துக் காந்தி அவர்களோடு வந்து அமரவில்லை. தீண்டாமைக்கு எதிராகக் கட்சி மாநாடுகளில் தீர்மானங்கள் நிறைவேறியிருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் வந்திருந்தது. தீர்மானமும் சட்டமும் போதும், மீதியைப் பொலிசும் நீதவானும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிலைப்பாட்டில் நான் காண்பது மறுபடியும் புதுக்கடையைத்தான். சுந்தரலிங்கத்தின் மீது வழக்கும் தொடரப்பட்டது. ஆனால் வழக்கு ஒருவரைத் தண்டிக்கும். ஊரின் மனச்சாட்சியை உலுக்காது. உலுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார், அந்த ஊரே தந்தை என்று அழைத்தவர்.

கிறிஸ்தவர் ஒருவர் இந்துக் கோயில் விவகாரத்தில் எப்படித் தலையிடலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். இதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதே 1968இல் திருகோணமலைக் கோணேசர் கோயில் சுற்றாடலைப் புனித பிரதேசமாக்கும் விடயத்தில் கட்சி உறுதியாக நின்றது. பிரதமர் அதைத் தடுத்தபோது, கட்சியின் சார்பில் அரசில் இருந்த மு. திருச்செல்வம் அமைச்சர் பதவியையே துறந்தார். கொழும்பு குறுக்கே நின்றால் கோயில் கட்சியின் விவகாரம். வெள்ளாளர் குறுக்கே நின்றால் அது இந்துக்களின் விவகாரமா? உள்வீட்டுச் சண்டை தமிழரின் ஒற்றுமையைக் குலைத்திருக்கும் என்றும் சொல்வார்கள். இதே புத்திமதியைக் காந்திக்கும் சொன்னார்கள். 1933–34இல் அவர் தீண்டாமைக்கு எதிராக நாடு சுற்றியபோது சனாதனிகள் கறுப்புக்கொடி காட்டினார்கள். பூனாவில் குண்டே வீசினார்கள். அவர் சுற்றுப்பயணத்தை நிறுத்தவில்லை. சொந்த ஆதரவாளரின் கோபத்தைத் தாங்குவதுதான் சத்தியாகிரகியின் கடினமான பகுதி. பொலிசின் தடியடியைத் தாங்கத் தமிழரசுக் கட்சியில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தக் கோபத்தைத் தாங்க முன்வந்தவர்கள் மிகக் குறைவு.

தாங்கியிருந்தால் அவர் தோற்றிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 1972இன் அரசியலமைப்பை மறுத்துப் பதவி துறந்த அவருக்கு, அரசு இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் நடத்திய இடைத்தேர்தலில் அதே தொகுதி 25,927 வாக்குகளைக் கொடுத்தது. இடதுசாரி வேட்பாளருக்குக் கிடைத்தவை 9,457. அத்தனை நம்பிக்கையை ஒரு மனிதர்மேல் வைத்திருந்த ஊர், அவர் கேட்டிருந்தால் கோயில் கதவைப் பற்றியும் ஒருமுறை யோசித்திருக்கும். 1976 மே மாதம் அவர் தலைமையில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில், தமிழீழத்தில் சாதிமுறை ஒழிக்கப்படும், தீண்டாமை எந்த வடிவிலும் சட்டப்படி தண்டிக்கப்படும் என்ற வாசகம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் மாவிட்டபுரம் வீதியில் எந்த அரசின் தயவும் இல்லாமல் செய்திருக்கக்கூடிய ஒன்றை, இன்னும் பிறக்காத ஓர் அரசின் சட்டப் புத்தகத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.