பூஜ்யம் எங்கே இருக்கிறது?

பைக்கின் முன் ஃபோர்க்கைப் பிரிப்பதற்கு முன்னால் நல்ல மெக்கானிக் ஒரு காரியம் செய்வார். ஃபோர்க் மூடியின் உச்சியில் இருக்கும் ரீபவுண்ட் திருகை (அமுங்கிய ஃபோர்க் மேலே எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மெதுவாக முழுக்க இறுக்கி, எத்தனை ‘க்ளிக்’ விழுகிறது என்று எண்ணி, டேப்பில் எழுதி ஃபோர்க்கின் மேலேயே ஒட்டிவைப்பார். சீலும் ஆயிலும் மாற்றி மாட்டிய பிறகு, மறுபடி முழுக்க இறுக்கி, அதே எண்ணிக்கைக்குத் தளர்த்தி வண்டியைக் கொடுத்துவிடுவார். பல வருடம் நானும் இதையே முழு வேலை என்று நம்பியிருந்தேன். இப்போதும் இந்தப் பழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இது பாதி வேலைதான்.

எண்ணிக்கையை இறுகிய முனையிலிருந்து தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. டாம்பர் ராடுக்குள் மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறது. அதன் அடியில் கூம்பு நுனியுள்ள ஊசி. திருகை இறுக்கினால் ஊசி துளைக்குள் இறங்கி, ஆயில் போகும் வழியைக் குறுக்குகிறது. ஊசி துளையில் உட்காரும் இடம் திட்டமானது. தளர்ந்த முனையில் அப்படி நம்பத்தக்க அடையாளம் இல்லை. அதனால்தான் கம்பெனி கையேடுகளும் ‘முழு இறுக்கத்திலிருந்து இத்தனை க்ளிக் வெளியே’ என்றே பெரும்பாலும் சொல்கின்றன.

சிக்கல் மாட்டும்போது வருகிறது. ஊசி உட்காருவதைத் திருகு மட்டும் தீர்மானிப்பதில்லை. ராடின் மரையில் மூடி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மூடியை ராடில் பூட்டி நிறுத்தும் லாக் நட் ஒரு சுற்று மேலே நின்றுவிட்டால் மூடி அதில் முட்டி நின்றுவிடும். திருகு தன் எல்லையைத் தொட்டுவிடும். கீழே ஊசி இன்னும் துளையை அடைத்திருக்காது. நாம் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்கிய இடம் உண்மையான பூஜ்யம் இல்லை. இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். திருகை இறுக்கிய நிலையிலேயே மூடியை மாட்டி ஸ்பேனர் போட்டால், அந்த விசை முழுவதும் ஊசி வழியாகத் துளையின் விளிம்பில் இறங்குகிறது. விளிம்பில் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு எந்த எண்ணும் சரியாக வராது.

என் வண்டியில் இது நடந்தது. சர்வீஸ் முடிந்து வந்த நாள் முதல், சின்னச் சின்ன மேடுகள் தொடர்ந்து வரும் சாலையில் முன்பக்கம் அமுங்கியவுடன் துள்ளித் துள்ளி எழும்பியது. டேப்பில் எழுதிய எண் இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தியது. திருகுகளை முழுக்கத் தளர்த்தி, மொத்த க்ளிக்குகளை எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கம் 22, வலப்பக்கம் 17. பிரித்தபோது இரண்டு லாக் நட்டுகளும் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. இரண்டு ஃபோர்க்கையும் ஒரே அச்சு பிணைத்திருப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. அதனாலேயே கோளாறு இத்தனை நாள் மறைந்திருந்தது.

எண்ணிக்கையைத் திருப்பி வைப்பதில் இன்னொரு குறையும் உண்டு. பழைய ஆயில் உழைத்துத் தளர்ந்தது, புதிய ஆயில் அப்படியல்ல. ‘5 டபிள்யூ’ என்று ஒரே மாதிரி எழுதிய இரண்டு கம்பெனி டப்பாக்களின் தடிமனே ஒன்றாக இருப்பதில்லை. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். எனவே பழைய க்ளிக்கில் பழைய ஓட்டம் கிடைக்காது. ஊசி கூம்பாக இருப்பதால் க்ளிக்குகளும் சம எடையுள்ளவை அல்ல. இறுகிய முனையை ஒட்டிய இரண்டு க்ளிக் செய்யும் மாற்றத்தை, வெகுதூரம் தளர்ந்த பிறகு நாலைந்து க்ளிக் சேர்ந்தாலும் செய்யாது. பூஜ்யம் இரண்டு க்ளிக் தள்ளிப்போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

முன்பு பெரும்பாலும் ரேஸ் வண்டிகளோடும் விலை உயர்ந்த வண்டிகளோடும் நின்ற திருகுகள் இவை. ஓசூர் டிவிஎஸ் 2021-இல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு ‘டைனமிக் கிட்’ என்ற சஸ்பென்ஷன் தொகுப்பைக் கொடுத்த பிறகு, ஆபீஸ் போகும் வண்டியிலும் இந்தத் திருகுகள் வந்துவிட்டன. இன்னொன்று, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி எல்லா வண்டியிலும் கிடையாது. கேடிஎம் வண்டிகள் பலவற்றில் ஒரு ஃபோர்க்கில் கம்ப்ரஷனும் (அமுங்கும் வேகக் கட்டுப்பாடு) மறு ஃபோர்க்கில் ரீபவுண்டும் தனித்தனியாக இருக்கின்றன. அங்கே கையேட்டில் உள்ள லாக் நட் அளவும் பிரிக்கும் முன் எண்ணிய மொத்தமும்தான் துணை.

ஆகவே மெக்கானிக் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. மூடியை மாட்டுமுன் திருகை முழுக்கத் தளர்த்துங்கள். ராடின் நுனியிலிருந்து லாக் நட் எத்தனை மில்லிமீட்டர் என்று கையேடு சொல்லியிருந்தால் வெர்னியரை எடுத்து அளந்து வையுங்கள். மூடியைக் கையாலேயே திருகி இறக்கி, அது நின்ற இடத்தில் நட்டைக் கொண்டுவந்து இறுக்குங்கள். மூடியை ஃபோர்க் பைப்பில் பூட்டுவதற்கு முன்பே மொத்த க்ளிக்குகளை எண்ணி, பிரிக்கும் முன் இருந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். டேப்பில் ஒரு எண் எழுதும் இடத்தில் இரண்டு எண் எழுதுங்கள்: வைத்திருந்த க்ளிக், மொத்த க்ளிக்.